மாதம் பார்க்காத செடி

குவான் கனுன், பத்தலுங்
2022 செப்டம்பர் 25

லம்துவன்,

போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். சரி, பக்கத்துத் தோட்டத்து யுபின் அக்காவின் போனிலிருந்தாவது பேசலாம் என்று போனேன். "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு நடுவுல என்னை இழுக்காதப்பா. அவ எனக்கும் போனை மூடிட்டா அப்புறம் நான் யார்கிட்ட ஊர்க்கதை பேசுவேன்?" என்று சொல்லிவிட்டாள். ஆகவே கடிதம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பேனா பிடித்தது ரப்பர் விற்ற ரசீதில் கையெழுத்துப் போடத்தான். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

இன்று பத்தாம் மாதத்துப் படையல். செத்துப்போனவர்களுக்கு வைக்கும் பலகாரத்தை இந்த முறை கடையில் வாங்கி வைத்தேன். என் அப்பாவின் ஆவி வந்து பார்த்திருந்தால் மருமகள் எங்கே என்று கேட்டிருக்கும்.

ஒரு வரிசை மரத்தை வெட்டியதற்காக ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு நாட்டின் மறுகோடிக்குப் போவாளா? அதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். விடு.

உறைக்குள் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். கஞ்சா விதை. நான் வாங்கியதில் பாதி. கஞ்சாத் தடை நீங்கிச் சட்டம் மாறியதும் ஹாட் யாயில் ஒரு பயிற்சி வைத்தார்களே, அங்கே வாங்கியது. இது நம் பாட்டன் காலத்துக் கஞ்சா இல்லை. அது பகல் குட்டையாகும்வரை காத்துக்கொண்டு நிற்கும், அதற்குப் பிறகுதான் பூக்கும். இது தானாகப் பூக்கிற வகை. ஏதோ பனி நாட்டில் சாலையோரம் கிடந்த களையோடு சேர்த்து உண்டாக்கியதாம். அங்கே கோடை என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுமாம். காத்திருக்க நேரமில்லாத செடி. முளைத்து நாலு வாரம் ஆனால் பூ வைக்கும், இரண்டரை மாதத்தில் அறுவடை. பயிற்சி கொடுத்த பையன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்தச் செடி மாசம் பார்க்காதுண்ணே, அதோட வயசை மட்டும்தான் பார்க்கும்."

நான் இங்கே போட்டுவிட்டேன். முளைத்துவிட்டது. நீ அங்கே போட்டுப் பார். யார் செடி ஜெயிக்கிறது என்று பார்ப்போம்.

ஜாரூன்


தா உத்தேன், நக்கோன் பனோம்
2022 அக்டோபர் 14

ஜாரூன் அவர்களுக்கு,

கடிதமும் விதையும் வந்தன. எழுத்துக் கோணல்தான். சிரித்தேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சிரிப்பும் கோபமும் எனக்குத் தனித்தனி அறையில் இருக்கின்றன.

"ஒரு வரிசை மரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் வரிசை. நான் இடது கைக்காரி. ஊரில் எல்லோரும் ரப்பர் மரத்துப் பட்டையில் பால் வெட்டுகிற கோடு ஒரு பக்கம் சரிந்தால் என் கோடு மறுபக்கம் சரியும். கல்யாணமான வருடம் உங்கள் அப்பாதான் மேற்கு ஓரத்து வரிசையைக் காட்டி, "இதுல முதல் வெட்டு போட்டு நீயே திறந்துக்கம்மா, உன் கைக்கு எப்படி வருதோ அப்படி வெட்டு" என்றார். பதினான்கு வருடம் அந்த மரங்களை வேறு யாரும் தொட்டதில்லை, தொடவும் முடியாது. நான் என் அண்ணனை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஒரு வாரத்தில் அதை வெட்டிச் சாய்த்துவிட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "உன் வரிசைதான் பால் கம்மி. வெட்டுறதுன்னா அதைத்தானே வெட்டணும்" என்றீர்கள். மறுபக்கம் சரிந்த கோட்டில் பால் குறைவாகத்தான் வரும். எனக்குத் தெரியாதா? தெரிந்துதான், குளிர்ச்சியில் பால் கூட வரும் என்று மற்றவர்களுக்கு முன்னால் எழுந்து போய் வெட்டினேன்.

கஞ்சாவுக்கு வெயில் வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால், கோழிக்கூட்டை நகர்த்தி இடம் காட்டியிருப்பேன்.

இங்கே மழை நின்றுவிட்டது. ஆற்றில் திருவிழாவுக்குத் தீப்படகு விட்டாயிற்று. மீகோங் தண்ணீர் இறங்குகிறது. அண்ணன் சொம்வாங்குக்கு இப்போது உடம்பு தேறிவிட்டது. விதைகளைப் பார்த்து, "இது என்ன, புறா எச்சம் மாதிரி இருக்கு" என்றான். அண்ணி தொங்லாவுக்கு ஆசை வந்துவிட்டது. கோழிச்சாற்றில் ஒரு இலை போட்டுக் குடித்தால் அண்ணனுக்கு ராத்திரி தூக்கம் வரும் என்று அவளுடைய அம்மா சொல்வாளாம். பாதியைப் போடுகிறோம், பாதியை வைத்துக்கொள்கிறேன்.

ஒரு வேலை செய்யுங்கள். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிற என் கத்தியை அனுப்புங்கள். இடது கைக்கென்று நம் ஊர்க் கொல்லன் அடித்துக் கொடுத்தது. அண்ணனின் ரப்பர் மரங்கள் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டன. இந்த ஊரில் கிடைப்பதெல்லாம் வலது கைக் கத்தி. அதை வைத்து வெட்டினால் பட்டையை உழுகிற மாதிரி இருக்கிறது. சும்மா சோறு தின்றுகொண்டு அண்ணன் வீட்டில் இருக்க எனக்குப் பழக்கமில்லை.

லம்துவன்


குவான் கனுன்
2022 அக்டோபர் 31

லம்துவன்,

என் செடிகள் பூ வைத்துவிட்டன. பையன் சொன்ன கணக்கு தப்பவில்லை. முழங்காலுக்கு மேல் வளர்ந்து, கணுவுக்குக் கணு வெள்ளை முடி விட்டிருக்கின்றன. யுபின் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, மரநாய் செத்துக் கிடக்குதா?" என்று கேட்டாள். அந்த வாசனைதான் நல்ல சரக்குக்கு அடையாளம் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஹாட் யாயில் ஒரு மூலிகைக்கடைக்காரர் காய்ந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

தினமும் காலையில் பால் வெட்டிவிட்டு வந்து செடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேசுவதற்கு ஆள் இல்லாததால் அவற்றோடு பேசுகிறேன். யாரிடமும் சொல்லாதே.

மழை நாள் வருகிறதே என்று யுபின் அக்கா பயமுறுத்துகிறாள். மாதம் பார்க்காத செடிக்கு மழை மாதமாக இருந்தால் என்ன, வெயில் மாதமாக இருந்தால் என்ன?

கத்தியைத் தபாலில் எடுக்க மாட்டார்களாம். கூர்மையான சாமான் என்று திருப்பிவிட்டார்கள். வேறு வழி பார்க்கிறேன்.

உன் செடி எப்படி இருக்கிறது?

ஜாரூன்


தா உத்தேன்
2022 நவம்பர் 21

ஜாரூன் அவர்களுக்கு,

முதலில் கத்தி விஷயம். எங்கள் ஊர்த் தபால்காரரிடம் கேட்டேன். "பத்தலுங்ல இருந்தா? அங்க இருந்து அரிவாளே பார்சல்ல வருதே அக்கா. அட்டையில சுத்திக் கட்டினா போதும்" என்றார். பொய் சொல்லுவதென்றால் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும்.

இனி செடி. சொன்னால் உங்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்.

நான் விதையைப் போட்டுவிட்டு அண்ணனோடு நெல் அறுக்கப் போய்விட்டேன். செடிகளைத் தொங்லா அண்ணியிடம் விட்டேன். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. நாற்றங்கால் மாதிரி ஒரு பாத்தி கட்டி நெருக்கமாக விதைத்தாள். முளைத்து நாலு இலை விட்டு அழகாக நின்றன. பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் வந்து பார்க்கிறேன், அண்ணி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாள். நெல் நாற்றைப் பிடுங்குகிற மாதிரியே பிடுங்கி, வேரைக் காலில் தட்டித் தட்டி மண்ணை உதறி, ஒரு கட்டாகக் கட்டி, நுனியை அரிவாளால் ஒரே சீராக நறுக்கி, ஒரு ராத்திரி தண்ணீரில் நிற்க வைத்து, மறுநாள் வரிசையாக நட்டுவிட்டாள். நட்டு முடித்து இடுப்பில் கை வைத்து நின்று, "கயிறு பிடிச்ச மாதிரி நட்டிருக்கேன் பாரு" என்று பெருமை வேறு.

எனக்கும் அது தப்பென்று தெரியவில்லையே. இந்த ஊரில் எல்லாப் பச்சையும் ஒரு தடவை பிடுங்கி நட்டால்தான் வேர் பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

நெல் என்றால் நாலு நாள் வாடும், பிறகு தேறி, தூர் வெடித்து, விட்ட நாளைப் பிடித்துவிடும். இந்தச் செடி வாடியது. தேறியது. ஆனால் வளரவில்லை. அதன் வயது அதற்கு வந்துவிட்டதாம். நேற்றுப் பார்க்கிறேன், என் விரல் உயரத்தில் நின்றுகொண்டு உச்சியில் பூ வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு பூ. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணி, "என்னடி செடி இது, கோவிச்சுக்கிட்டா கொஞ்ச நாள் கோவத்துலயே இருக்கணும். இது கோவத்தோடயே பூத்துருச்சு" என்றாள்.

பிடுங்கி நடக் கூடாது என்று ஒரு வரி நீங்கள் எழுதியிருக்கலாம். மரத்தை வெட்டும்போதும் சொல்லவில்லை, விதை அனுப்பும்போதும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதில் உங்களுக்கு நல்ல பயிற்சி.

மீதி விதைகளை இந்த வாரம் நானே போடுகிறேன். ஒரு பைக்கு ஒரு விதை. அறுக்கும்வரை அதே பை.

லம்துவன்


குவான் கனுன்
2022 டிசம்பர் 9

லம்துவன்,

உன் அண்ணி நுனியை நறுக்கிய இடத்தை இரண்டு தடவை படித்தேன். நம்மிடம் ரப்பர் வாங்கும் தரகருக்குப் படித்துக் காட்டினேன், அவர் தேநீரைக் கொட்டிக்கொண்டார். பிடுங்கி நடக் கூடாது என்று அந்தப் பையன் எங்களிடமும் சொன்னான். ஒருத்தர் கட்டுக் கட்டி நுனி நறுக்குவார் என்று யாருக்குத் தெரியும்?

இங்கே மழை. பால் வெட்டவில்லை. செடிகள் இருக்கின்றன.

கத்தியின் பிடி கொஞ்சம் ஆடுகிறது. சரிசெய்து அனுப்புகிறேன்.

ஜாரூன்


தா உத்தேன்
2022 டிசம்பர் 27

ஜாரூன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதியது நீங்கள்தானா என்று கையெழுத்தைப் பார்த்தேன். "செடிகள் இருக்கின்றன." முந்தின கடிதத்தில் மரநாய் வாசனை வரைக்கும் வர்ணித்தவர் இப்போது இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

யுபின் அக்கா எனக்குப் படம் அனுப்பினாள். அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான்தான் கேட்டேன். நீலத் தார்ப்பாயைக் கயிற்றில் கட்டி, அதற்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு செடிக்கு விசிறியால் விசிறிக்கொண்டிருக்கிறீர்கள். பூவெல்லாம் சாம்பல் பூத்து, உள்ளே அழுகிப் பழுப்பாகிவிட்டதாம். "மழைல நனைஞ்சுக்கிட்டு விசிறிட்டு நிக்கிறான்டி, பார்க்கச் சகிக்கல. நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன், வேண்டாம்னுட்டான்" என்று சொன்னாள்.

பத்தாம் மாதப் படையல் முடிந்தால் மழை கொட்டும் என்பது பத்தலுங்கில் பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரியும். எனக்கே, வடகிழக்கிலிருந்து வந்தவளுக்கே, முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டது. உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது? செடி மாதம் பார்க்காது, ஆனால் மழை பார்க்குமே! சரியாகப் பூ பருக்கிற நேரத்தில் மழையைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டீர்கள். இதை எழுதும்போது திட்டத்தான் ஆரம்பித்தேன். கஞ்சி குடிக்கவில்லை என்பதை நினைத்தால் திட்ட வரவில்லை. குடியுங்கள்.

இங்கே தலைகீழ். ஒரு சொட்டு மழை இல்லை, காற்று வறண்டு உதடு வெடிக்கிறது. பகல் குட்டை, அதனால் செடியும் குட்டை. நாற்காலி உயரம்கூட இல்லை. ராத்திரியில் இருக்கிற குளிருக்கு இலையெல்லாம் ஊதா நிறமாகிவிட்டது. முதலில் நோய் என்று பயந்தேன், இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே தொல்லை, காலையில் ஆற்றிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து செடியை நனைத்துவிட்டுப் போகிறது. எழுந்ததும் ஒவ்வொரு செடியாகக் குலுக்கி நீரை உதிர்த்துவிட்டு, வெயில் படுகிற பக்கமாகப் பைகளைத் தூக்கி வைக்கிறேன். பூ சின்னது, ஆனால் கல்லு மாதிரி இறுக்கம். எங்கே எப்போது போட வேண்டும் என்பதுதான் விஷயம், செடி எல்லா இடத்துக்கும் ஒன்றுதான்.

இன்னொன்று. சொல்லாமல் இருந்தால் நானும் உங்களைப் போல் ஆகிவிடுவேன், அதனால் சொல்கிறேன். சொம்வாங் அண்ணன் வாய்க்கால் பக்கத்து ரப்பர் மரங்களை எனக்கே கொடுத்துவிடுகிறேன் என்கிறான். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் கட்டித் தருகிறானாம். "எத்தனை நாளைக்குத்தான் துணிப்பையைப் பிரிக்காம வச்சிருப்ப? இருக்கிறதுன்னா இரு, போறதுன்னா போ. நான் செங்கல் சொல்லணும்ல?" என்று கேட்டான். அறுவடை முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

கத்தியை அனுப்புங்கள். இனிமேல் பிடி ஆடுகிறது, உறை கிழிந்தது என்று கதை வேண்டாம்.

லம்துவன்


குவான் கனுன்
2023 ஜனவரி 16

லம்துவன்,

இந்தப் பார்சலில் உன் கத்தி இருக்கிறது. பிடி ஆடவே இல்லை. தபாலிலும் திருப்பவில்லை. நான் தபால் ஆபீசுக்குப் போகவே இல்லை. சுவரில் அது மாட்டியிருக்கும்வரை நீ கடைக்குப் போயிருக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

செடி முழுக்கப் போய்விட்டது. பிடுங்கி எரிக்கலாம் என்றால் ஈரத்தில் எரியவும் இல்லை. கடைசியில் குழி தோண்டிப் புதைத்தேன். மழையைப் பற்றி நீ எழுதியது சரி. எனக்குத் தெரியும். தெரிந்தும், இது வேறு ஜாதிச் செடி, இதற்கு நம் ஊர்க் கணக்கு கிடையாது என்று நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது. மரத்தை வெட்டியாகிவிட்டது, நீயும் போய்விட்டாய். அந்த இடத்தில் ஏதாவது நன்றாக வந்தால், நான் செய்தது சரி என்று ஆகிவிடும் அல்லவா? அதற்காகத்தான் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மழை நிற்பதற்கு முன்னால், மண் ஈரமாக இருக்கும்போதே, மேற்கு ஓரத்தில் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்துவிட்டு ரப்பர் நாற்று வைத்துவிட்டேன். அதே வரிசை, அதே இடைவெளி. தரகர் பார்த்துவிட்டு, "ஏன்யா, அந்த ஓரம் எப்பவும் பால் கம்மிதானே, எண்ணெய்ப் பனை வச்சிருக்கலாமே?" என்றார். "அந்த ஓரம் கம்மி இல்ல. என் பொண்டாட்டி கை அப்படி" என்றேன்.

நாற்று பெரிதாகி நிழல் கட்ட மூன்று வருடம் ஆகும். அதுவரை நடுவில் வெயில் இருக்கும், எல்லோரும் அன்னாசி போடச் சொல்கிறார்கள். போடலாம். கஞ்சா இனி வேண்டாம். மிச்சம் ஒரு கைப்பிடி விதை கிடக்கிறது. அது உனக்கு வேண்டுமென்றால் எழுது, அனுப்புகிறேன். உன் ஊர்தான் அதற்குச் சரி.

சொம்வாங் கொடுக்கிற மரங்களை வாங்கிக்கொள். நல்ல மனுஷன். வாய்க்கால் பக்கம் என்றால் ஈரம் இருக்கும், பால் நன்றாக வரும். நீ வா என்று நான் எழுதப் போவதில்லை. உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தது போதும்.

கஞ்சி குடித்தேன். யுபின் அக்கா உப்புப் போட மறந்துவிட்டாள்.

ஜாரூன்


தா உத்தேன்
2023 பிப்ரவரி 10

ஜாரூன் அவர்களுக்கு,

கத்தி வந்தது. நல்ல நேரம் பார்த்து அனுப்பினீர்கள். ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டது, இன்னும் இரண்டு மாதத்துக்கு யாரும் பால் வெட்ட மாட்டார்கள். இதையும் யோசித்துத்தான் செய்தீர்களா என்று கேட்க மாட்டேன். அந்த அளவுக்கு யோசிக்கிற ஆள் இல்லை.

இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. வாய்க்கால் பக்கம் இன்னும் இலை கொட்டாத ஒரு மரம் இருந்தது. இதுவரை கத்தி படாத மரம். போய் அதைத் திறந்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கத்தி என் பேச்சைக் கேட்டது. பட்டை தாள் மாதிரி சுருண்டு விழுந்தது. பால் கோட்டில் இறங்கி வந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் அழுதேன். குளிர்காற்று என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அழுதேன்.

அண்ணன் வந்து பார்த்தான். கோடு மறுபக்கம் சரிந்திருப்பதைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. "என்னடி பண்ணி வச்சிருக்க? உனக்குக் காய்ச்சல் வந்தா இதை யார் வெட்டுறது? இனிமே இந்த மரத்தை யாரும் தொட முடியாதே. மத்த மரத்தையும் இப்படித்தான் திறப்பியா?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. எனக்கு மரம் கொடுக்கிறவன்தான். அவன் கேட்டதும் நியாயம்தான். ஆனால் உங்கள் அப்பாவுக்குப் பிறகு, அந்த மாதிரி ஒரு வரிசையை எனக்கென்று தெரிந்தே வைத்தவர் நீங்கள் ஒருவர்தான். வெட்டியவரும் நீங்கள்தான். இரண்டையும் எழுதி வைக்கிறேன், ஒன்றை எழுதி ஒன்றை விட முடியாது.

அறுவடை முடிந்தது. குட்டைச் செடிதான், ஆனால் ஒரு பூவில்கூட அழுகல் இல்லை. வீட்டுக் கூரைக்கடியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தொங்லா அண்ணி கோழிச்சாற்றில் ஒரு இலை போட்டாள். அண்ணன் சாப்பிட்டுவிட்டு, "ஒண்ணும் தெரியலையே, ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே பாயைத் தேடாமல் தரையிலேயே தூங்கிவிட்டான்.

நீங்கள் அந்த விதையை இங்கே அனுப்ப வேண்டாம். இங்கே இனி வெக்கை ஆரம்பித்துவிடும், தண்ணீர் ஊற்றியே கை ஒடிந்துவிடும். என் ஊரின் காலம் முடிந்தது, உங்கள் ஊரின் காலம் இப்போதுதான் தொடங்குகிறது. மழை நின்று மண் காய்ந்திருக்கும். மார்ச் தொடக்கத்தில் போட்டால், மே மாதம் பாதிக்குள் அறுத்து முடித்துவிடலாம். பெருமழைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கும். மாதம் பார்க்காத செடிக்கு மாதம் பார்க்கத்தான் நாம் இருக்கிறோம். அன்னாசி எல்லாம் வேண்டாம், முள்ளு. நாற்றுகளுக்கு நடுவில் கஞ்சாவே போடலாம். மூன்று வருடம் அந்த வெயில் உங்களுக்கு. பிறகு நிழல்.

ஆனால் மார்ச், ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் வெயில் அங்கே நெருப்பு. அதில் நின்றால் பூ இறுகாமல் பஞ்சு மாதிரி போய்விடும். மேற்குப் பக்கம் நிழல் வேண்டும். அருமையான நிழல் ஒன்று அங்கே இருந்தது, யாரோ வெட்டிவிட்டார்கள். அதனால் நிழல்வலை வாங்கி மேற்கே கட்டி வையுங்கள். கட்டும்போது நாற்றை மிதிக்க வேண்டாம்.

நான் வருவதற்கு முன்னால் விதையை நனைக்காதீர்கள். நாற்றங்காலில் போடாதீர்கள். தரகரிடம் யோசனை கேட்காதீர்கள். யுபின் அக்காவிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடித்த நொதித்த மீன் ஒரு ஜாடி கொண்டுவருகிறேன், பேருந்தில் யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

அண்ணனிடம் செங்கல் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அதானே பார்த்தேன். நீ அந்தப் பையைப் பிரிக்கவே இல்லையே" என்றான். கத்தியை அட்டையில் சுற்றி அந்தப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். சுவரில் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் வைத்த நாற்றுகளுக்குக் கோடு போட இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்று அப்போது நான் சொல்கிறேன்.

லம்துவன்